மொட்டை மாடிக்கு ஏறி வந்த ஜெபக்கூட்டம்

கொரோனா ஓய்ந்து ஓரிரண்டு வருடம் ஆகியிருக்கும். பெங்களூரு ஆஸ்டின் டவுனில் ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல். வீடில்லாதவர்களைச் சேர்த்துக்கொள்ளும் ஒரு சின்னக் கிறிஸ்தவ இல்லத்தின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியில் முதுகை ஒட்டிக்கொண்டு, கையில் இரும்புக் கம்பியோடு நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பிடிக்க ஆட்கள் மாடிப்படி ஏறி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர்கூட எனக்கு எதிரி இல்லை. எல்லோரும் எனக்காக ஜெபிக்க வந்தவர்கள்!

அங்கே எப்படிப் போய் மாட்டினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ராணுவத்தில் இருந்தவன். ஊர் வேலூர்ப் பக்கம். எங்கள் பக்கம் பட்டாளத்துக்குப் போவது ரேஷன் கடைக்குப் போவது மாதிரி, வீட்டுக்கு ஒருவர் போய்த்தான் ஆக வேண்டும். அம்மா படுத்த படுக்கையானபோது பென்ஷனுக்கு வேண்டிய சர்வீஸை முடிக்காமலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அவசரக்குடுக்கை என்று கூட இருந்தவர்கள் திட்டினார்கள். அம்மா போன பிறகு மனைவியோடு பெங்களூருக்கு வந்து ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி வேலை. கேட்டுக்குப் பக்கத்திலேயே தங்க ஓர் அறை. பிள்ளைகள் இல்லை. அவள் சமைப்பாள், நான் சாப்பிட்டுவிட்டுக் குறை சொல்வேன், அவள் திருப்பிச் சொல்வாள். நன்றாகத்தான் இருந்தோம்.

கொரோனாவில் அவள் போய்விட்டாள். அதன் பிறகு எனக்குள் எதுவோ கழன்றுவிட்டது. அதுவரை அடக்கி வைத்திருந்த பழைய விஷயங்கள் ஒவ்வொன்றாகத் தலை தூக்கின. கதவை யாராவது ஓங்கிச் சாத்தினால் சுவரோடு ஒட்டிக்கொள்வேன். அந்த வருடம் தீபாவளிக்கு யாரோ கேட் ஓரத்தில் ஒரு அணுகுண்டு வெடியைக் கொளுத்திப் போட, நான் பாய்ந்து போய்ப் பக்கத்தில் நின்றவரைத் தரையில் தள்ளி அவர் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். அவரைக் காப்பாற்றுவதாக எனக்கு நினைப்பு. அவர் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர், உடுத்தியிருந்தது புதுப் பட்டு வேட்டி. வேலை போயிற்று. வேலையோடு அறையும் போயிற்று.

ஊருக்குத் திரும்பிப் போக ரோஷம் விடவில்லை. விவேக் நகரில் பூட்டிக் கிடந்த ஒரு கடையின் ஷட்டரில் முதுகை ஒட்டிப் படுக்க ஆரம்பித்தேன். வியாழக்கிழமைகளில் குழந்தை இயேசு கோயிலுக்கு வருகிறவர்கள் சாப்பாட்டுப் பொட்டலம் தருவார்கள். வாங்கிக்கொள்வேன். கோயிலுக்குள் மட்டும் போகமாட்டேன். நான் பிறவிக் கிறிஸ்தவன்தான். ஆனால் மனைவியை எடுத்துக்கொண்ட நாளிலிருந்து எனக்கும் ஆண்டவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

மழைக்காலத்தில் ஒருநாள் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது ஓர் அம்மாள் ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். என் பக்கத்தில் இருந்த இன்னொரு படுக்கை விரிப்பை, நான் மடித்து வைத்திருந்த விதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“மிலிட்டரியா அண்ணா?”

தலையாட்டினேன்.

“நெனச்சேன். இவ்ளோ நேரா மடிக்கறவங்க ரோட்டுல படுக்கக் கூடாது. ஆட்டோ வெயிட்டிங்ல நிக்குது, மீட்டர் ஓடுது, எந்திரிங்க!”

அவர்தான் பாஸ்டரம்மா. கணவர் பாஸ்டராக இருந்து இறந்துபோனவர். அவர் ஆரம்பித்த இல்லத்தை இந்த அம்மாள் தனியாளாக நடத்திக்கொண்டிருந்தார். கீழே ஆண்களுக்குக் கட்டில்கள், சமையலறை. நடு மாடியில் ஜெப ஹால். அதற்கு மேல் மொட்டை மாடி. எனக்கு மருந்து வாங்கிக் கொடுத்தார், கட்டில் கொடுத்தார், இல்லத்தின் சட்டத்தையும் முதல் நாளே சொல்லிவிட்டார். “குடி கூடாது. யார் மேலயாச்சும் கை நீட்டினா அன்னைக்கே வெளிய. அப்புறம் அழுதாலும் சேர்க்க மாட்டேன்.” சும்மா மிரட்டல் என்று நினைத்தேன். நான் வந்த சில வாரங்களில், பக்கத்துக் கட்டில்காரரை அறைந்த ஒருவரை, சாப்பாட்டை மட்டும் கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அந்த ஆள் வாசலில் நின்று கெஞ்சியது என் கண்ணிலேயே நின்றது. மறுபடி ஷட்டருக்கு முன்னால் படுக்க எனக்குத் தெம்பில்லை. அந்தக் கட்டில்தான் உலகத்தில் எனக்கு மிச்சமிருந்த ஒரே இடம். அதனால் யார் வம்புக்கும் போகாமல் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன்.

வெள்ளிக்கிழமை தோறும் அங்கே உபவாச ஜெபம் நடக்கும். எங்கள் ஊர்ச் சபையில் ஜெபம் என்றால் உட்கார்ந்த இடத்தில் தலை குனிந்து, கடைசியில் ஒரு ஆமென். அவ்வளவுதான். இங்கே டிரம், கஞ்சிரா, கைத்தட்டல், ஆவி வந்து பேசும் அந்நிய பாஷை, அழுகை என்று ஹாலே அதிரும். எனக்குப் பழக்கமில்லை என்றாலும் வெறுப்பாகவும் இல்லை. பின்சுவரில் சாய்ந்து, கண்ணைத் திறந்தபடியே உட்கார்ந்திருப்பேன். நான் எப்போதும் கதவைப் பார்த்தே உட்காருவதை அங்கே யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை வெளியூரிலிருந்து, பிரசங்கம் செய்ய, ஒரு ஊழியக்காரர் வந்திருந்தார். வாட்டசாட்டமான ஆள், வெள்ளைச் சட்டை, மைக் இல்லாமலேயே தெருமுனை வரை கேட்கும் தொண்டை. பார்த்தவுடனே எனக்கு ஆகவில்லை. அவர் பெயரைக் கேட்டு ஏகப்பட்ட கூட்டம். நான் போகும்போது பின்சுவரில் இடமே இல்லை. “முன்னாடி வாங்க பிரதர், முன்னாடி வாங்க” என்று கையைக் காட்டிக் காட்டி என்னை முதல் வரிசைப் பாயில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். எனக்குப் பின்னால் மொத்தக் கூட்டமும். அக்கம்பக்கத்தார் சத்தம் போடுவார்கள் என்று ஜன்னல்களையும் சாத்திவிட்டார்கள். டிரம் ஆரம்பித்தது. ஒவ்வோர் அடியும் என் நெஞ்சுக்குள் விழுந்தது.

எழுந்து போய்விடலாம் என்று திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் முழங்காலில் நின்றுகொண்டிருந்தார்கள். யாரையாவது மிதிக்காமல் பக்கச் சுவரில் இருந்த வாசலுக்குப் போக வழியில்லை. சரி, சமாளித்துவிடுவோம் என்று நானும் முழங்கால் போட்டேன்.

அப்போது அந்த ஊழியக்காரர் மனைவியை இழந்தவர்களைப் பற்றி ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்பதுகூட இப்போது நினைவில்லை. அவள் போனபிறகு முதல்முறையாக ஆண்டவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று தோன்றியது. சண்டை போடவாவது பேச வேண்டும் போல இருந்தது. கண்ணை மூடினேன்.

மூடிய சிறிது நேரத்தில் பின்னாலிருந்து என் தலையிலும் கழுத்திலும் தோளிலும் கைகள் விழுந்தன.

அவர்கள் வழக்கம் அது. யாருக்காவது பாரத்தோடு ஜெபிக்க வேண்டும் என்றால் சுற்றி நின்று தலையில் கை வைப்பார்கள், உரக்க ஜெபிப்பார்கள். அன்புதான், வேறொன்றும் இல்லை. ஆனால் என் உடம்புக்கு அது தெரியாதே! காஷ்மீரில் ஒரு வீட்டைச் சோதனை போட்டபோது, குண்டடிபட்டுக் கிடந்த என் கூட்டாளியைத் தூக்கக் குனிந்தேன். அப்போது இதே மாதிரி பின்னாலிருந்து கழுத்தில் கை விழுந்தது. நான் பிழைத்துவிட்டேன், அவன் பிழைக்கவில்லை. அதற்கு மேல் எழுத எனக்கு வராது.

என்ன செய்கிறேன் என்று தெரிவதற்குள் செய்துவிட்டேன். கழுத்தில் இருந்த கையைப் பிடித்து முறுக்கி, ஆளை முன்னால் இழுத்துப் போட்டு, முதுகில் முழங்காலை ஊன்றியிருந்தேன். எனக்குக் கீழே வெள்ளைச் சட்டை. அந்த ஊழியக்காரர்! “ஆண்டவரே” என்று அவர் போட்ட கூச்சலில் டிரம் நின்றது.

“பிசாசு! விடாதீங்க, பிடிங்க!” என்று யாரோ கத்தினார்கள். இன்னும் நாலைந்து கைகள் என் மேல் விழுந்தன. உதறிக்கொண்டு ஓடினேன். கீழே இறங்கும் படியை ஆட்கள் அடைத்திருந்ததால் மேலே ஏறினேன். அப்படித்தான் மொட்டை மாடிக்குப் போனேன். கட்டட வேலையில் மிஞ்சிய கம்பித் துண்டுகள் தொட்டி ஓரத்தில் கிடந்தன. ஒன்று என் கையில் எப்போது வந்தது என்று சத்தியமாகத் தெரியாது.

அவர்கள் ஏறி வந்தார்கள். முன்னால் ஒருவர் கையில் ஜெபித்துப் பூசும் எண்ணெய் பாட்டில். பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். “இயேசுவின் நாமத்தினாலே வெளியே போ!” என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் அதையே திருப்பிச் சொன்னார்கள். அவர்கள் முகத்தில் கோபமே இல்லை. என்னை எப்படியாவது மீட்டுவிட வேண்டும் என்ற துடிப்புதான் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கோபத்தில் வருகிறவன் கம்பியைப் பார்த்தால் நின்றுவிடுவான். இவர்கள் நிற்க மாட்டார்கள்.

“கிட்ட வராதீங்க” என்றேன்.

“பாருங்க, பேசுது!” என்றார் எண்ணெய் பாட்டில்காரர்.

வாயை மூடிக்கொண்டேன். “ஊமைப் பிசாசு பிரதர், ஜெபத்தை நிறுத்தாதீங்க” என்று பின்னாலிருந்து ஒரு குரல். அடக் கடவுளே! பேசினாலும் குற்றம், பேசாவிட்டாலும் குற்றம். அவர் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தார். நில், கையைத் தூக்கு என்று என்னை அறியாமல் பட்டாள இந்தி வாயில் வந்துவிட்டது. “ருக் ஜாவ்! ஹாத் ஊப்பர்!”

“பாஷை மாறுது!” என்று ஓர் அம்மாள் அலறினார்.

இப்போது சொல்லும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அன்று சிரிப்பு வரவில்லை. வெயிலில் என் கை கம்பியின் கனத்தை அளந்துகொண்டிருந்தது. அந்த மனிதர் இன்னும் இரண்டடி வந்தால் அடித்துவிடுவேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. தலையில் அடிப்பேன். எங்களுக்கு அப்படித்தான் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு நல்ல மனுஷன் எனக்காக ஜெபித்தபடியே சாகப்போகிறான், என்னால் அதை நிறுத்த முடியாது. “வேண்டாம், வேண்டாம்” என்று மனசுக்குள் கத்துகிறேன், கை கேட்கவில்லை. கட்டில் போய்விடும், ஜெயிலுக்குப் போவோம் என்பதெல்லாம் அந்த நேரத்தில் நினைவிலேயே இல்லை.

அப்போதுதான் மாடிப்படியில் அந்தக் கனத்த குரல் கேட்டது.

“யாருய்யா அது வழியை அடைச்சுக்கிட்டு? தள்ளு! தள்ளுங்கறேன்ல!”

உபவாசம் முடிந்து எல்லோருக்கும் கொடுக்கப் பாஸ்டரம்மா கீழே கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறார். மூச்சு வாங்க மேலே வந்தார். கையில் கஞ்சி ஒழுகும் கரண்டி. என்னைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், எண்ணெய் பாட்டில்காரரைப் பார்த்தார்.

“நீங்க இறங்குங்க பிரதர்.”

“அம்மா, இவருக்குள்ள...”

“ஒண்ணும் இல்ல. எல்லாரும் கீழ போங்க. ஜெபம் பண்ணணும்னா ஹால்ல உக்காந்து பண்ணுங்க. கர்த்தருக்கு அங்கிருந்தும் கேக்கும். நடங்க!”

முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். பாஸ்டரம்மா மட்டும் படி வாசலிலேயே நின்றார். என்னை நோக்கி ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்தார். இரண்டு கைகளையும் விரித்து என் பக்கம் காட்டினார்.

“அண்ணா, நான் எங்க நிக்கட்டும்?” என்று கேட்டார்.

என்னை இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

“முன்னாடி” என்றேன். “கை தெரியற மாதிரி.”

மெதுவாக வந்து எனக்கு நேர் எதிரே வெயிலில் நின்றார். வெறுங்கால். தரை சுட்டிருக்கும். உள்ளங்கைகளை விரித்தபடி நின்றுகொண்டே இருந்தார். கம்பியைக் கீழே போடு என்று சொல்லவில்லை, பயப்படாதே என்றும் சொல்லவில்லை.

“ஜெபம் பண்ணட்டுமா? கண்ணைத் தொறந்துக்கிட்டே பண்றேன். நீங்களும் தொறந்தே வச்சிருங்க. கண்ணை மூடினாத்தான் அவருக்குக் கேக்கும்னு யார் சொன்னா?”

தலையாட்டினேன். என் கண்ணைப் பார்த்தபடியே அவர் பேசினார். “ஆண்டவரே, இந்த அண்ணன் ரொம்ப நாளா தூங்காம காவல் காக்கறாரு. கொஞ்ச நேரம் நீங்க பாத்துக்கங்க. இவரு உக்காரட்டும்.” அவ்வளவுதான் ஜெபம்.

கம்பி என் கையை விட்டு நழுவி விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு நானே திடுக்கிட்டேன். தொட்டியில் சாய்ந்தபடியே சரிந்து உட்கார்ந்து, மனைவி செத்தபோதுகூட அழாத அழுகையை அழுதேன். அந்த அம்மாளும் எதிரே உட்கார்ந்துகொண்டார், அதே தூரத்தில். என் அழுகை அடங்கும் வரை தொடவே இல்லை.

அதோடு முடிந்துவிடவில்லை. யாரோ போலீசுக்குப் போன் செய்துவிட்டார்கள். நான் ஹாலுக்கு இறங்கி வந்தபோது ஒரு கான்ஸ்டபிள் நின்றிருந்தார். “ஏன்ரீ இது, ப்ரேயர் அந்த்ரெ கலாட்டெனா?” ஜெபம் என்றால் கலாட்டாவா என்று கேட்டார். “ஏனில்லா சார், குத்கொள்ளி” என்று பாஸ்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒன்றும் இல்லை என்று சொன்னாலும், இருப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. அந்த ஊழியக்காரர் ஈரத் துண்டைச் சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டு வீங்கியிருந்தது. வெள்ளைச் சட்டையில் என் முழங்கால் அழுக்கு.

நான் யாரும் சொல்லாமலேயே கீழே போய் என் படுக்கையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து நின்றேன். ஸ்டேஷனோ தெருவோ, எதுவானாலும் தயார்.

“ஹொட்தவரு இவரா?” அடித்தது இவர்தானா என்று கேட்டுவிட்டு, கான்ஸ்டபிள் ஊழியக்காரர் பக்கம் திரும்பினார். “கம்ப்ளெயிண்ட் கொட்தீரா?” புகார் கொடுக்கிறீர்களா என்றார்.

கீழே அடுப்பில் எதுவோ கொதித்து வழிவது கேட்டது. ஊழியக்காரர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். தெருமுனை வரை கேட்கும் அந்தக் குரல் கம்மிப்போயிருந்தது.

“இல்ல சார். அவரு கண்ணை மூடி இருந்தாரு. நான்தான் கேக்காம பின்னாடி வந்து தொட்டேன். கம்ப்ளெயிண்ட் எழுதினா அதையும் சேர்த்துத்தான் எழுதணும்.”

பார்த்தவுடனே ஆகாது என்று நான் ஒதுக்கி வைத்த மனுஷன் சொன்னது இது. என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கான்ஸ்டபிள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “மொதலு ஆஸ்பத்ரெகெ ஹோகி” என்று அவரை மருத்துவமனைக்குப் போகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அப்போது எண்ணெய் பாட்டில்காரர் மெல்ல இழுத்தார். “அம்மா, நம்ம ரூல்...”

கேட்டதில் தப்பில்லை. என் கண்ணெதிரேயே ஒருவரை அனுப்பியிருக்கிறாரே! படுக்கையைத் தோளில் ஏற்றினேன். பாஸ்டரம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

“ரூல் நான் போட்டதுதான். அடிச்சவங்க வெளிய போகணும். இந்த அண்ணன் அடிக்கலை, பயந்துட்டாரு. பயந்தவங்களை வெளிய அனுப்பறதுக்கு இந்த வீடு எதுக்கு? இழுத்து மூடிட்டுப் போலாமே? வாங்க, கஞ்சி ஆறிப்போகுது.”

பட்டாளத்துக்காரன் பயந்துவிட்டான் என்று வேறு யாராவது, வேறு எப்போதாவது நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அன்று அதைக் கேட்டதும் தோளில் இருந்த பாரமே இறங்கியது போல இருந்தது. எத்தனையோ வருடமாக எனக்கு இருந்தது அதுதான், வெறும் பயம். பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. ஒருவர் அதன் பெயரைச் சொல்லிவிட்டார், சொன்ன பிறகும் என்னை உள்ளேயே வைத்துக்கொண்டார். படுக்கையைக் கீழே வைத்துவிட்டுக் கஞ்சி குடித்தேன்.

அடுத்த நாளே என் கட்டிலைச் சுவரோரமாக, கதவைப் பார்த்தபடி மாற்றிப் போட்டார். “ஜெபமும் வேணும், டாக்டரும் வேணும். ரெண்டும் கர்த்தர் குடுத்ததுதான்” என்று மனநல மருத்துவரிடம் அவரே அழைத்துப் போனார். மாத்திரை, பேச்சு என்று நீண்ட நாள் ஆயிற்று. இல்லத்தில் புது வழக்கம் ஒன்றும் வந்தது. யார் தலையிலும் கேட்காமல் கை வைக்கக் கூடாது. அந்த ஊழியக்காரர் மறுபடி வந்தபோது தூரத்தில் நின்றே, “பிரதர், கை வைக்கலாமா?” என்றார். “வேண்டாம்” என்றேன். “சரி” என்று தள்ளி நின்றே எனக்காக ஜெபித்தார். அன்று முதல் அவர் எனக்கு நண்பர்.

நானும் ஆண்டவரோடு பேச ஆரம்பித்தேன், கண்ணைத் திறந்துகொண்டு, கதவைப் பார்த்துக்கொண்டு. முதலில் சண்டைதான். பிறகு மனைவியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். இப்போது விவேக் நகரில் ஒரு சின்ன அறை எடுத்து இருக்கிறேன். ஒரு மழலையர் பள்ளியில் பகல் நேரக் காவல் வேலை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் லீவு கேட்டு வாங்கிக்கொள்வேன்.

போன மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ஹாலில் நல்ல கூட்டம். டிரம் நின்று, பாட்டு முடிந்து, எல்லோரும் எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. நானும் எழுந்திருக்கப் பார்த்தேன், எதிரே இருட்டாக இருந்தது. அப்போதுதான் தெரிந்தது, நான் கண்ணை மூடியிருந்தேன்! எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தேன். நடு ஹாலில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குப் பின்னால் இருந்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆண்டவர் மனிதனைத் தேடி வருவார் என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். என்னைத் தேடி வந்தவர் பின்னாலிருந்து பிடிக்காமல், வெறுங்காலோடு வெயிலில் எதிரே வந்து, கையை விரித்துக் காட்டி, எங்கே நிற்கட்டும் என்று கேட்டார் என்றுதான் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.